புயற் கூண்டு யாருக்காக?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் போதும். வானொலியிலும் நாளேட்டிலும் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்பதே அது. தஞ்சைத் தரணியில் இதைக் கேளாத காது இல்லை. சம்பா நட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் உழவரும் கேட்கிறார். கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வலையை உலர்த்தும் மீனவரும் கேட்கிறார். பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று சிறுவர்களும் கேட்கிறார்கள்.

ஆனால் அந்த ‘மூன்று’ என்ன சொல்கிறது? கல்லூரியில் என் மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டபோது, எண் கூடக்கூடப் புயலின் வலிமையும் கூடும் என்றே பெரும்பாலோர் விடை கூறினர். இது பாதிதான் சரி. கூண்டின் எண்கள் ஒரு தனி மொழி. அந்த மொழி உண்டானது உழவருக்காக அன்று. கரையோரக் குடிசைவாசிக்காகவும் அன்று. கப்பல் தலைவர்களுக்காக உண்டான மொழி அது. கடலை நோக்கிப் பேசிய அந்த எச்சரிக்கை, நிலத்தை நோக்கித் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கப்பல்களை விழுங்கிய கடல்

1749ஆம் ஆண்டு. தஞ்சை அரியணையை இழந்த மராட்டிய இளவரசர் ஒருவருக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு, ஆங்கிலேயப் படை கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலுள்ள தேவிகோட்டையை நோக்கிப் புறப்பட்டது. ஏப்ரல் மாதம் அது. பருவமழைக்குரிய காலமன்று. எனினும் கடுமையான புயல் ஒன்று கரையைத் தாக்கியது. படையின் கூடாரங்கள் பறந்தன. வண்டி மாடுகள் மடிந்தன. கடலூருக்கு அருகில் நங்கூரமிட்டிருந்த ‘நாமூர்’ என்னும் பெரும் போர்க்கப்பல், 500க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ‘பெம்பிரோக்’ என்னும் மற்றொரு போர்க்கப்பலும் அழிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1761 ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படைக்கும் இதே கதி நேர்ந்தது. அந்நாளில் உலகின் வலிமை மிக்க கடற்படைகளுள் ஒன்றை வைத்திருந்தவர்களுக்கும், நாளை வீசப்போகும் காற்றைப் பற்றிச் சொல்ல எவருமில்லை. சோழமண்டலக் கரையில் இயற்கையான துறைமுகங்கள் அரிது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். ஆகவே புயலைப் பற்றி முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை, முதன்முதலில் கப்பல் வணிகத்துக்கே ஏற்பட்டது.

பாம்பின் சுருள்

புயல் என்பது வெறும் பலத்த காற்று அன்று. ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று. வங்கக் கடலைப் பொறுத்தவரை இவ்வுண்மையை ஐயமற நிலைநாட்டியவர் ஹென்றி பிடிங்டன். கடலோடியாக வாழ்வைத் தொடங்கிய இவர், கல்கத்தாவில் கடல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்தார். புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளை 1839 முதல் திரட்டினார். எந்த நேரத்தில் எந்தக் கப்பல் எங்கே இருந்தது, அதற்கு எத்திசையிலிருந்து காற்று வீசியது என்று படத்தில் குறித்தார். அம்புக்குறிகள் எல்லாம் ஒரு வட்டமாகச் சுழன்று நின்றன. பாம்பு சுருண்டு கிடப்பது போலிருந்த அவ்வடிவத்துக்கு, கிரேக்கச் சொல்லொன்றைத் தழுவி, ‘சைக்ளோன்’ என்று 1848இல் பெயரிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் பிறந்தது நம் வங்கக் கடலில்தான்.

வட அரைக்கோளத்தில் இச்சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். காரணம், புவியின் தற்சுழற்சி. காற்றழுத்தம் குறைந்த மையத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று விரைகிறது. புவி சுழல்வதால் அது தன் வலப்புறமாக விலக்கப்படுகிறது. நேராக மையத்தை அடைய முடியாமல் சுற்றி வருகிறது. நிலநடுக்கோட்டில் இவ்விலக்கம் சுழி. எனவே அதற்கு மிக அருகில் புயல்கள் தோன்றுவதில்லை. தஞ்சை இருப்பது ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில். ஐப்பசி, கார்த்திகையில் கடல் நீரும் 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமாக இருக்கும். நீராவி குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பமே புயலின் எரிபொருள். இரண்டும் கூடி அமைந்த கரை நம்முடையது.

இதிலிருந்து நீங்களே செய்து பார்க்கக்கூடிய எளிய விதி ஒன்று பிறக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடக் கையை நீட்டுங்கள். தாழ்வழுத்த மையம் ஏறத்தாழ அத்திசையில் இருக்கும். நாகையில் வடக்கிலிருந்து வாடை கடுமையாக வீசினால், நீங்கள் தெற்கு நோக்கி நிற்பீர்கள். இடக் கை கிழக்கே கடலைக் காட்டும். வாடை வீச வேண்டிய கார்த்திகையில் மேற்கிலிருந்து கச்சான் வலுத்தால், மையம் உங்களுக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள்.

பிடிங்டன் இன்னொன்றையும் கண்டார். புயலோடு கடல் நீரும் மேலெழுந்து நிலத்தில் ஏறும் என்பதே அது. கல்கத்தாவுக்குத் துணையாக மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் அமைக்க ஆங்கில அரசு திட்டமிட்டபோது, அந்நகரைக் கடல் அலை மூழ்கடிக்கும் என்று 1853இல் தலைமை ஆளுநருக்கே எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது. 1867இல் புயல் அதைச் சிதைத்தது. அதைக் காணப் பிடிங்டன் உயிரோடு இல்லை. நிலத்தில் வாழ்வோருக்காக விடுக்கப்பட்ட முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று இவ்வாறு வீணாயிற்று.

தந்தியின் வேகம்

புயலைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதுமா? அச்செய்தி புயலுக்கு முன்பே வந்து சேர வேண்டும் அல்லவா? இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. புயலுக்குள் காற்று மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் சுழன்றாலும், புயல் முழுவதுமாக நகரும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 15 அல்லது 20 கி.மீ.தான். சைக்கிளில் செல்பவரின் வேகம்! தந்திக் கம்பி வந்தபின், செய்தி புயலை எளிதில் முந்தியது.

1864 அக்டோபரில் கல்கத்தாவையும், அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் தாக்கிப் பல்லாயிரவரைக் கொன்றன. இதன் பிறகே அரசு விழித்தது. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார். அடுத்து வந்த ஜான் எலியட், வங்கக் கடற் புயல்களைப் பற்றி மாலுமிகளுக்கான கையேடு ஒன்றை 1890இல் வெளியிட்டார். நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை முறை பரவிவிட்டது.

கூண்டின் மொழி

துறைமுகத்துக்கு வந்த தந்தியைக் கடலில் நிற்கும் கப்பலுக்கு எப்படிச் சொல்வது? உயர்ந்த கொடிமரத்தில், தொலைவிலிருந்தும் தெரியும்படி, கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூடை போன்ற கறுப்பு உருவங்களை ஏற்றினார்கள். இதைத்தான் நம் மக்கள் ‘கூண்டு’ என்றனர். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் அதே செய்தியைச் சொல்லும். எண்கள் மொத்தம் 11. அவற்றின் பொருளைப் பாருங்கள்.

1, 2 என்பவை தொலைதூர எச்சரிக்கைகள். முதலாவது, தொலைவில் தாழ்வு மண்டலம் இருக்கிறது என்கிறது. இரண்டாவது, தொலைவில் புயலே இருக்கிறது, துறைமுகத்தை விட்டுச் செல்லும் கப்பல்கள் அதில் சிக்கலாம் என்கிறது. 3, துறைமுகத்திலேயே பலத்த காற்றுடன் மோசமான வானிலை நேரலாம் என்று கூறும். 4, கடலிலுள்ள புயல் பின்னர் இத்துறைமுகத்தைப் பாதிக்கலாம் என்று கூறும்.

5, 6, 7 அபாய அறிவிப்புகள். இம்மூன்றிலும் புயலின் வலிமை ஒன்றே! துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுப் புயல் கரை கடக்கும் என்றால் 5. வலப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 6. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. இதே வரிசை கடும் புயலுக்கு 8, 9, 10 என அமையும். அப்படியானால் 11 எல்லாவற்றிலும் கொடியதா? இல்லை. வானிலை அலுவலகத்துடன் செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். இனி உங்கள் கண்ணையும் அழுத்தமானியையும் நம்பிக்கொள்ளுங்கள் என்று மாலுமிக்குச் சொல்லும் எண் அது.

இடமா, வலமா?

இடப்புறம், வலப்புறம் என்று பிரித்தது ஏன்? மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் வடக்கு. எதிர்க்கடிகாரச் சுழற்சியால் அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இடப்புறமாகிய தெற்கில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். காற்றின் வேகம் ஒன்றாகவே இருந்தாலும், வடக்கே கடல் நீர் ஊருக்குள் தள்ளப்படுகிறது. தெற்கே நீர் பின்வாங்குகிறது. கப்பல் தலைவருக்கு இது நங்கூரத்தைப் பற்றிய கேள்வி. கரையில் குடியிருப்பவருக்கோ உயிரைப் பற்றிய கேள்வி.

காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். புயலின் மையத்தில் அழுத்தம் 50 மில்லிபார் குறைந்தாலும் உயர்வு அரை மீட்டர்தான். மீதி உயரமெல்லாம் காற்று நீரைத் தள்ளிக் குவிப்பதால் வருவது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிச் சென்றுவிடும். ஆழமற்ற கடலிலோ திரும்ப வழியின்றிக் கரையேறும். கோடியக்கரைக்கு மேற்கே, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துப் பாக் நீரிணை மிக ஆழம் குறைந்தது. கரையோ தட்டையானது, சில இடங்களில் கடல் மட்டத்தைவிட ஓரிரு மீட்டரே உயர்ந்தது.

கூண்டு பார்க்காத திசை

இதன் விளைவைத் தஞ்சைக் கரை மீண்டும் மீண்டும் அனுபவித்தது. 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்துக்கு அருகே கரை கடந்த புயலில் ஏறத்தாழ 400 பேர் இறந்தனர். மூன்றே ஆண்டுகளில், 1955 நவம்பர் இறுதியில், பட்டுக்கோட்டைக்குத் தெற்கேயுள்ள இராசாமடம் பகுதியைப் புயல் தாக்கியது. கடல் நீர் 16 கி.மீ. தூரம் உள்ளே புகுந்தது. ஏறத்தாழ 500 உயிர்கள் போயின. அந்நாளில் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் போய்வந்தன. அவற்றுக்கு எச்சரிக்கை தரக் கொடிமரம் இருந்தது. கடலிலிருந்து பத்துக் கல் தள்ளிக் குடிசையில் படுத்திருந்தவருக்கு எந்தக் கொடிமரம் இருந்தது?

1977 நவம்பர் 12 அன்று விடியற்காலையில் வந்த புயல், நாகைக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்தது. அதற்குள் சென்னையில் புயல் ராடார் நிறுவப்பட்டிருந்தது. செயற்கைக் கோள் படங்களும் வந்துகொண்டிருந்தன. திருச்சி வானொலியும் இருந்தது. எனினும் 560 பேர் மாண்டனர். 23,000 கால்நடைகள் மடிந்தன. பத்து லட்சம் பேர் வீடிழந்தனர். நாகையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தள்ளியிருக்கும் தஞ்சாவூரிலும், அதற்கும் அப்பாலுள்ள திருச்சியிலும், புதுக்கோட்டையிலும் காற்று மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வீசியது. கரையேறிய புயல் எரிபொருளாகிய நீராவியை இழந்து தளர வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வேகத்தைத் தடுக்கக் குன்றோ மலையோ இல்லாத சமவெளி இது. புயல் என்பது கடற்கரைக்காரர் கவலை என்று எண்ணியிருந்த உள்நாட்டு ஊர்கள் அன்று பாடம் கற்றன. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19இல், ஆந்திரத்தின் திவிசீமையில் மற்றொரு புயலும் கடல் நீரும் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொண்டுபோயின.

கடலுக்கு மேலே ஒரு கண்

அடுத்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக் கோள், புயலைத் தொடர்ந்து கண்காணித்ததோடு வேறொரு வேலையையும் செய்தது. கடலோர ஊர்களில் வைக்கப்பட்ட பெட்டிகளுக்கு, அவ்வட்டார மொழியிலேயே எச்சரிக்கையை நேரே ஒலிபரப்பும் முறை அதன் வழியே பிறந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்கக் கடலில் மிதவைகளை நிறுத்தி, காற்றழுத்தம், நீரின் வெப்பம், அலையின் உயரம் ஆகியவற்றை அறிந்து வருகிறது. கப்பல் எதுவும் செல்லாத இடத்திலிருந்தும் இன்று செய்தி வருகிறது. காரைக்காலிலும் ராடார் அமைந்துவிட்டது.

பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள். புயல் எங்கே இருக்கும் என்று ஒரு நாள் முன்னதாகச் சொல்லும்போது நேரும் சராசரிப் பிழை, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 100 கி.மீ.க்கும் மேல் இருந்தது. கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ. அதாவது, புயல் காவிரிப் படுகையில் எங்கேயோ வரும் என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இன்று அப்பிழை 100 கி.மீ.க்கும் கீழே இறங்கியுள்ளது. எனினும் அது சுழியாகிவிடவில்லை. படத்தில் தெரியும் ஒற்றைக் கோட்டை நம்பி, நம் ஊர் தப்பியது என்று எண்ணுவது அறிவுடைமை ஆகாது.

1999 முதல் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக விடுக்கப்படுகிறது. 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு; 48 மணிக்கு முன் முன்னெச்சரிக்கை; 24 மணிக்கு முன் எச்சரிக்கை; 12 மணிக்கு முன், கரை கடந்தபின் என்ன நேரும் என்ற அறிவிப்பு. இந்த நான்காம் கட்டத்தைக் கவனியுங்கள். புயல் கரையேறிய பிறகு எந்தெந்த உள் மாவட்டங்களை எப்படிப் பாதிக்கும் என்று அது கூறுகிறது. கடலை மட்டுமே பார்த்திருந்த எச்சரிக்கை, தஞ்சையையும் மன்னார்குடியையும் நோக்கித் திரும்பியது இப்போதுதான்.

எண்ணுக்குள் அடங்காதவை

இதனால் எல்லாம் நிறைவாகிவிட்டதா? 2008 நவம்பர் 27 அன்று காரைக்கால் அருகே கரை கடந்த ‘நிஷா’ காற்றில் வலிய புயல் அன்று. ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 66 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல்! படுகையின் ஆறுகளுக்குச் சரிவு மிகக் குறைவு. கடல் மட்டம் புயலால் உயர்ந்திருக்கும் நேரத்தில் வெள்ளம் வடியாது. கடைமடை வயல்களிலேயே தேங்கும். நெற்பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்து அழுகும். கூண்டின் 11 எண்களில் மழைக்கென்று ஓர் எண்ணும் இல்லை.

2017 நவம்பர் இறுதியில் ‘ஒக்கி’ புயல் குமரிக்கு அருகே மிக விரைவாக வலுப்பெற்றது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவருக்கு அச்செய்தியைச் சொல்ல வழியில்லை. பலர் மாண்டனர், பலர் திரும்பவே இல்லை. கரையில் ஏற்றிய கூண்டு ஆழ்கடலில் இருப்பவருக்குத் தெரியுமா? இதன் பின்னரே, கைப்பேசித் தொடர்பு எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக் கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் கருவிகள் மீனவருக்கென உருவாக்கப்பட்டன.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு கடந்து, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ‘கஜா’ கரையேறியது. அதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். இறந்தோர் தொகை, 1977இல் இறந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இது முன்னறிவிப்பின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் ஓரிரவில் வீழ்ந்தன. நெல் போனால் அடுத்த பருவம் உண்டு. தென்னை போனால் கன்று நட்டுக் காய் பறிக்கப் பல ஆண்டுகள் ஆகும். மனிதரை முகாமுக்கு மாற்றலாம். மரத்தை மாற்ற முடியாது.

ஆகவே, அடுத்த முறை கூண்டு ஏறியது என்ற செய்தியைக் கேட்கும்போது, எண்ணோடு நின்றுவிடாதீர்கள். புயல் நம் ஊருக்கு வடக்கே கடக்குமா, தெற்கே கடக்குமா? கடக்கும் நேரம் பகலா, இரவா? மழை எவ்வளவு, கடல் நீர் எவ்வளவு உயரும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று வானிலைத் துறையின் அறிவிப்பில் விடை இருக்கிறது. அதைப் படித்து, படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் கடைமடைச் சிற்றூருக்கும் எடுத்துச் சொல்வது, அறிவியல் பயின்ற ஒவ்வொருவருக்கும் உரிய வேலை. துறைமுகத்துக் கூண்டு இன்றும் கப்பலுக்காகத்தான் ஏறுகிறது. ஊருக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.